முகவரி இல்லாத தாய்க்கும் பிள்ளைக்கும் குமரி மாவட்ட அரசு மருத்துவம்: ஒரு மதிப்பீடு

வடசேரி பேருந்து நிலையம், கோட்டாறு ரயில் நிலையத்தின் வெளிப்புறம், கன்னியாகுமரியில் பாசிமணி விற்கும் நடைபாதைகள், சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்கள், தோவாளைப் பக்கத்துச் செங்கல் சூளைகள். கூரையில்லாமலோ, பேருக்கு ஒரு தார்ப்பாயின் கீழோ ராத்தங்கும் கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் குமரி மாவட்டத்தில் இங்கெல்லாம்தான் இருக்கிறார்கள். சபரிமலை சீசன் தொடங்கினால் கூட்டம் கூடும். தை கழிந்தால் பலர் வேறு ஊருக்கு நகர்ந்துவிடுவார்கள். இவர்களுக்கு அரசின் பேறுகால, குழந்தை நலச் சேவை எந்த அளவுக்கு எட்டுகிறது என்பதுதான் இந்த மதிப்பீடு. தெருவில் இவர்களை நேரில் பார்க்கிற கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், தன்னார்வலர் ஆகியோருக்காக எழுதப்பட்டது.

பிரசவ அறைக்குள் கிடைக்கும் வைத்தியத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். பதிவு செய்யும் கட்டத்துக்கு இரண்டு. டிஸ்சார்ஜ் ஆன பிறகு நடக்கும் கவனிப்புக்கு ஒன்று, அதுவும் கொஞ்சம் தாராளமாக. உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டால் இந்தச் சேவை நாட்டில் பல இடங்களைவிட நன்றாக இருக்கிறது. வாசலைத் தாண்டுவதும், வெளியே வந்தபின் தொடர்பு அறாமல் இருப்பதும்தான் பாடு.

முதலில், எது இலவசம் என்பதில் யாருக்கும் குழப்பம் வேண்டாம். ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு மருத்துவமனைக்கு வரும் எந்தக் கர்ப்பிணிக்கும் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் ரத்தம், எல்லாமே செலவில்லாமல். சுகப்பிரசவம் என்றால் 3 நாளும், சிசேரியன் என்றால் 7 நாளும் சாப்பாடு. வருவதற்கும், பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதற்கும், திரும்பிப் போவதற்கும் வண்டி. பிறந்த பிள்ளைக்கு ஒரு வயது வரை நோய் வந்தால் இதே சலுகை. ரேஷன் கார்டு, வருமானச் சான்று, எத்தனையாவது பிள்ளை என்ற கணக்கு, எதுவும் இதற்குத் தேவையில்லை. வேறு மாநிலத்துப் பெண்ணுக்கும் இதே உரிமை உண்டு. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும், பத்மநாபபுரம் அரசு மருத்துவமனையானாலும், ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமானாலும் இதில் மாற்றமில்லை. ‘கார்டு இல்லை, விடமாட்டார்கள்’ என்று பயந்து பேறுகாலம் வரை ஆஸ்பத்திரிப் பக்கமே வராத பெண்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது.

பதிவில் எங்கே சிக்குகிறது

தமிழ்நாட்டில் கர்ப்பம் ‘பிக்மி’ மென்பொருளில் பதியப்பட்டு, 12 இலக்க ஆர்.சி.எச். எண் தரப்படும். பரிசோதனை முதல் பிறப்புச் சான்றிதழ் வரை எல்லாம் இந்த எண்ணோடு கோர்க்கப்பட்டிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வீடு உள்ளவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. எந்தத் துணை சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் வருகிறார் என்பதுதான் முதல் கேள்வி. ‘பஸ் ஸ்டாண்டில் இருக்கிறேன்’ என்ற பதிலைக் கேட்டதும் அந்தச் செவிலியர் இந்தச் செவிலியரிடம் அனுப்புவார், இவர் நகர்ப்புற நிலையத்துக்கு அனுப்புவார். இரண்டாம் அலைச்சலில் பெண் திரும்பிப் போய்விடுவார். காலை ஓ.பி. நேரம்தான் அவருக்கு விற்பனை நேரமும்கூட. அரை நாள் போனால் அன்றைய சாப்பாடு போயிற்று.

இதைக் கடக்க நான்கு விவரங்களை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

தங்கும் இடத்துக்கு ஒரு நிலையான அடையாளம் சொல்லுங்கள். மாநகராட்சி வீடற்றோர் காப்பகமோ, தொண்டு இல்லமோ, சூளை முதலாளியின் முகவரியோ போதும். அதுவும் இல்லையென்றால் அவர் வழக்கமாகப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கடையின் பெயரும் வார்டும். செவிலியருக்கு வேண்டியது ஆளைத் திரும்பக் கண்டுபிடிக்க ஒரு வழி. சொத்து ஆதாரம் அல்ல.

செல்பேசி எண் அவருடையதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மாறாத எண்ணாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிற உறவினரின் எண்ணைக் கொடுத்தால் அடுத்த பரிசோதனை நினைவூட்டல் யாருக்கோ போகும். காப்பக மேலாளர், அங்கன்வாடிப் பணியாளர், நம்பகமான கடைக்காரர் என ஒருவரின் எண்ணை அவர் சம்மதத்தோடு கொடுங்கள்.

கடைசி மாதவிலக்குத் தேதி. பலருக்கு நினைவிருக்காது. ‘தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா? மண்டைக்காட்டுக் கொடைக்கு முன்னாலா? சவேரியார் கோயில் திருவிழா சமயமா?’ என்று ஊர்த் திருவிழாக்களை வைத்துக் கேட்டால் ஏறத்தாழ வந்துவிடும். பிறகு ஸ்கேன் அதைச் சரிசெய்யும். மூன்றாம் மாதத்துக்குள் எடுக்கிற ஸ்கேனில்தான் தேதிக் கணிப்பு துல்லியமாக இருக்கும். எட்டாம் மாதத்தில் எடுப்பதில் இரண்டு மூன்று வாரம் முன்பின்னாகலாம்.

கணவர் பெயர் என்ற கட்டத்தில் பலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கைவிடப்பட்டவர், மணமாகாதவர், ஓடிவந்தவர் என யாராக இருந்தாலும் கணவர் உடன் இல்லை என்பதற்காகப் பரிசோதனையை மறுக்க எந்த விதியும் இல்லை. அந்த இடத்தில் உடன் போகிறவர் அமைதியாக அதைச் சொன்னால் போதும், சண்டை வேண்டாம். வரிசையில் நிற்கும் மற்றவர்கள் காதில் விழாமல் கேட்கும்படி செவிலியரிடம் வேண்டிக்கொள்வது இன்னும் நல்லது.

ஆதார் இல்லையென்றால் முதலில் ஆதாரை எடுத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. இது தவறு. பணப் பயனுக்கு ஆதார் வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்க ஆதார் தேவையில்லை. மறுத்தால் நிலைய மருத்துவ அலுவலரிடம் நேரில் சொல்லுங்கள், அல்லது அரசின் மருத்துவ உதவி எண்ணான 104இல் அழைத்துச் சொல்லுங்கள். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை வைத்தும் ஆதாருக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அந்த வேலை பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கட்டும், பரிசோதனை காத்திருக்கக் கூடாது.

ஒரே நாளில் முடிக்க வேண்டியவை

பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை தடுப்பூசிக்கு. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி மருத்துவரே பார்க்கும் சிறப்பு முகாமும் உண்டு. வீட்டில் இருப்பவருக்கு ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்று சொல்லலாம். தெருவில் இருப்பவர் அடுத்த வாரம் திருநெல்வேலியில் இருப்பார். ஆகவே முதல் வருகையையே கடைசி வருகை மாதிரி நினைத்து எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும்.

எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ரத்த வகை, சிறுநீரில் புரதம், எச்.ஐ.வி., சிஃபிலிஸ், மஞ்சள் காமாலை பி. இத்தனைக்கும் ஒரே முறை ரத்தமும் சிறுநீரும் எடுத்தால் போதும். சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கலக்கி 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பெண் எழுந்து போய்விடுவார், கூட வந்த பிள்ளை அழும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும், பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவதும் இருந்தால் இந்தப் பரிசோதனை முடியும். இல்லையென்றால் முடியாது.

சிஃபிலிஸ் உறுதியானால் பென்சிலின் ஊசியை அன்றே போடச் சொல்லுங்கள். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் மருந்து உள்ளே போயிருந்தால்தான் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

ரத்தசோகையில் இன்னும் கவனம் வேண்டும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7க்குக் கீழே என்றால் கடுமையானது, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இடைப்பட்டவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை தினம் இரண்டு தருவார்கள். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ரத்தசோகை இல்லாதவருக்கும் நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். கால்சியம் 500 மில்லிகிராம் தினம் இரண்டு. தெருவில் இது ஏன் நடப்பதில்லை? மாத்திரை மழையில் நனைகிறது, பை திருடு போகிறது. வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டல் வந்து தூக்கி எறிகிறார்கள். போட்டதும் டீ குடிக்கிறார்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும். எளிய வழி: ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு, காலையிலும் மத்தியானமும் சாப்பாட்டோடு கால்சியம். மூடி திருகும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பத்து நாளைக்கு மட்டும் கொடுத்து, மிச்சத்தைத் தெரிந்த கடையில் வைத்திருங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை நிலைக்காது என்று தெரிந்தால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவதே மேல். ஐயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் பலமுறை வர வேண்டியிருக்கும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் ஒரே அமர்வில் 1000 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். நகர்ந்துகொண்டே இருக்கும் பெண்ணுக்கு எது பொருந்தும் என்பது வெளிப்படை. மூன்று மாதம் கடந்தவரா என்று பார்த்து மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்கேனுக்குப் போகும்போது முகவரியோடு ஒரு படிவம் நிரப்புவார்கள். பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டத்துக்கான படிவம் அது. காப்பக முகவரியையோ, தாய் சேய் நல அட்டையில் எழுதியதையோ அப்படியே சொல்லுங்கள். அட்டையில் ஒன்று, படிவத்தில் வேறொன்று என்றால்தான் தடங்கல்.

வலி வந்த ராத்திரி

108க்கு அழைக்கும்போது ‘பஸ் ஸ்டாண்டு’ என்று மட்டும் சொல்லாதீர்கள்; நாகர்கோவிலில் வடசேரியும் உண்டு, மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையமும் உண்டு. எந்த வாசல், எந்தக் கடைக்கு எதிரே, எத்தனை மாதம், தண்ணீர் உடைந்துவிட்டதா, ரத்தம் போகிறதா. இவ்வளவும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஒருவர் சாலையில் நின்று வண்டிக்குக் கைகாட்டுங்கள்.

வலி இல்லாவிட்டாலும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்: ரத்தப்போக்கு, வலிப்பு, விடாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், காய்ச்சல், பிள்ளை அசைவு குறைதல். ரத்த அழுத்தம் 140/90 தொட்டவர் என்று அட்டையில் இருந்தால் தலைவலியை வெயிலின் மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது.

வண்டி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால் சுத்தமான துணியால் துடைத்து, தாயின் நெஞ்சோடு தோல் படப் போட்டு, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தொப்புள்கொடியை வெட்ட வேண்டாம், பிளேடோ கத்தியோ கிட்டே வரக் கூடாது. நஞ்சுக்கொடியை இழுக்கவே கூடாது. பால் குடிக்கவிடுங்கள், கர்ப்பப்பை சுருங்கி ரத்தப்போக்கு குறைய அதுவும் உதவும். பிறந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தாயையும் பிள்ளையையும் ஒரே வண்டியில் அனுப்புங்கள். ‘நல்லபடியாகப் பிறந்துவிட்டதே, இனி எதற்கு’ என்று இருந்துவிட்டால் வைட்டமின் கே ஊசியும், 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும், பிறப்புப் பதிவும் எல்லாம் கைவிட்டுப் போகும். தாயின் ரத்த வகை நெகட்டிவாக இருந்து பிள்ளையுடையது பாசிட்டிவாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசியும் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அடுத்த கேள்வி, ‘கூட ஆள் யார்?’ இது கேட்கப்படுவதற்குக் காரணம் உண்டு. மருந்து வாங்கிவர, பிள்ளையைப் பிடிக்க, ராத்திரியில் கூப்பிட ஒருவர் வேண்டும். வார்டில் செவிலியர்களுக்கு ஓய்வே இல்லை. ஆள் இல்லாததால் சேர்க்கமாட்டோம் என்று சொல்வதற்கு மட்டும் இடமில்லை. பிரசவ நேரத்தில் ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்பது தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் ஏற்கப்பட்ட நடைமுறை. தன்னார்வலப் பெண் ஒருவர் அந்த இடத்தில் நிற்கலாம். சிசேரியனுக்கு 18 வயது நிரம்பிய பெண் தானே கையெழுத்துப் போடலாம், கணவரோ அப்பாவோ வந்தாக வேண்டும் என்பதில்லை.

டிஸ்சார்ஜ்: சேவை அறுந்துபோகும் இடம்

தாயையும் பிள்ளையையும் 102 வண்டி கொண்டுவிடும். எங்கே? இதற்கு யாரும் முன்கூட்டியே விடை வைத்திருப்பதில்லை. பிறந்து 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டுக்கு வந்து பார்ப்பது என்ற விதியும் வீடு இருப்பவருக்குத்தான் நடக்கிறது. தொப்புள் சீழ் பிடிப்பதும், உடம்பு குளிர்ந்துபோவதும், பால் கட்டிக்கொள்வதும் முதல் இரண்டு வாரத்தில்தான். அதனால் எட்டாம் மாதத்திலேயே காப்பகத்தில் இடம் பேசி வைக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181, மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையம் இரண்டிலும் பேசலாம். இடம் கிடைத்ததும் அந்த முகவரிக்குரிய செவிலியரிடம் தாய் சேய் நல அட்டையைக் காட்டி நாள்களைக் குறித்துவிடுங்கள்.

இன்னொரு விஷயத்தை அதிகாரிகள் போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை. பல தாய்மார் டிஸ்சார்ஜுக்கு முன்பே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, பிள்ளையைப் பறித்துக்கொள்வார்கள் என்ற பயத்தால். வார்டில் யாரோ ஒருவர் குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லி, ‘1098க்குச் சொல்லிடுவோம்’ என்று மிரட்டினால் போதும், விடிவதற்குள் படுக்கை காலியாக இருக்கும். வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. குடும்பத்தோடு வைத்துக்கொள்ள மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இருக்கிறது. தாயே வளர்க்க இயலாது என்று குழந்தை நலக் குழுவிடம் ஒப்படைத்தாலும், மறுபரிசீலனைக்கு 2 மாதம் அவகாசம் உண்டு. 1098 உதவிக்கான எண் என்று அந்தத் தாய்க்குப் புரியும்படி பேசத் தெரிந்த ஒருவர் வார்டில் இருந்தால் இந்த ஓட்டம் குறையும்.

மனநிலை பாதிக்கப்பட்டு அலையும் கர்ப்பிணிகளையும் கன்னியாகுமரி போன்ற யாத்திரை ஊரில் பார்க்கிறோம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி இவர்களை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது காவல்துறையின் கடமை. சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து 3 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. 18 வயது நிரம்பாத பெண் கர்ப்பமாக இருந்தால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் போகும். இதை அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் முன்பே சொல்லிக் கூட்டிப்போனால்தான் அவர் நம்பிக்கை இழக்காமல் சிகிச்சைக்கு வருவார். சிகிச்சை எந்த நிலையிலும் நிற்கக் கூடாது.

பணப் பயன்களைப் பற்றிச் சுருக்கமாக. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 ரொக்கமாகத் தவணைகளில், மிச்சம் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு. வங்கிக் கணக்கும் ஆதாரும் இணைந்திருக்காவிட்டால் பணம் வராது, அல்லது மறந்துபோன பழைய கணக்குக்குப் போகும். தெருவில் வாழும் பெண்களுக்கு மிகக் குறைவாகக் கைசேர்வது இதுதான். பெட்டகத்தைக் கொடுத்தாலும் நெய்யையும் மாவையும் வைக்க இடமில்லை.

பிள்ளைகளுக்கு

தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டது, இரண்டு தவணை விட்டுப்போயிற்று என்பதற்காக யாரும் திரும்பி வர வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள், முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி ஒரு வயது வரையும், போலியோ சொட்டும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் 5 வயது வரையும் போடலாம். அட்டையைப் படமெடுத்து இரண்டு பேருடைய செல்பேசியில் வைத்திருங்கள்.

வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் எங்கும் கிடைக்கிறது. கலக்குவதில்தான் தப்பு நடக்கிறது. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு மிகுந்து பிள்ளைக்கு ஆபத்து. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் முழுவதிலும் கலந்து, 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டு, மீதியைக் கொட்டிவிட வேண்டும். கூடவே ஜிங்க் மாத்திரை 14 நாள்; 6 மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், 2 முதல் 6 மாதம் வரை பாதி. இருமலோடு மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள்: 2 மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 60, ஒரு வயது வரை 50, 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் காத்திருக்க வேண்டாம்.

சிரங்குக்குப் பெர்மெத்ரின் பூசியும் திரும்பத் திரும்ப வருகிறதே என்பார்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் பூசினால் அப்படித்தான். கூடப் படுப்பவர் எல்லோருக்கும் ஒரே ராத்திரியில், கழுத்துக்குக் கீழே முழுவதும் பூச வேண்டும். மாற்றுத்துணி இல்லாமல் இந்த வைத்தியம் பலிக்காது. ஆளுக்கு ஒரு ஜோடி துணி வாங்கிக் கொடுத்துவிட்டு, பழையதைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிச் சில நாள் வைத்துத் துவைக்கலாம்.

தெருவில் தூங்கும் பிள்ளைக்கு நாய்க்கடி அடிக்கடி நேர்வது. 15 நிமிடம் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி. அடுத்தவை 3, 7, 28ஆம் நாள்கள். ரத்தம் வந்த கடியாக இருந்தால் இம்யூனோகுளோபுலினும் கேட்டு வாங்க வேண்டும். நாலாவது ஊசிக்குள் குடும்பம் ஊர் மாறிவிடும்; எந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியிலும் சீட்டைக் காட்டித் தொடரலாம். வாகனம் மோதினால் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை எந்த மாநிலத்தவருக்கும் இலவசம்.

எடை குறைந்த பிள்ளையைக் கண்டுபிடிக்க அங்கன்வாடியில் இருக்கும் புஜச் சுற்றளவு நாடா போதும்: 6 மாதம் முதல் 5 வயது வரை, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டக்குறைவு. சத்துமாவு கர்ப்பிணிக்கும் 6 மாதம் நிரம்பிய பிள்ளைக்கும் உண்டு. அடுப்பில்லாதவருக்கு அதைக் கிளற வழியில்லை என்பதால் டீக்கடையில் சுடுதண்ணீருக்குச் சொல்லிவைப்பது பெரிய உதவி.

களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய்வரும் குடும்பங்களுக்கு, இங்கே செய்த பரிசோதனை அங்கே மறுபடி செய்யப்படும். ரத்தம் குறைந்த பெண்ணிடம் திரும்பத் திரும்ப ரத்தம் எடுப்பார்கள். அட்டையில் முடிவுகளை எண்களாக, தேதியோடு, ஆங்கிலத்திலும் எழுதித்தரச் செவிலியரிடம் கேளுங்கள். மலையாளமும் தமிழும் படிக்காத ஒடியா, வங்காளக் குடும்பங்களுக்கும் அதுதான் உதவும்.

இந்தச் சேவையின் மதிப்பெண் உயர வேண்டுமானால் புதுக் கட்டடம் தேவையில்லை. சுகாதாரத் துறையின் நடமாடும் குழு மாதம் இருமுறை ராத்திரி 8 மணிக்கு வடசேரியிலும் கன்னியாகுமரியிலும் வந்து உட்கார வேண்டும். வியாபாரம் முடிந்து எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கும் நேரம் அது. ரத்த அழுத்தக் கருவி, ஹீமோகுளோபின் மீட்டர், குளிர்பெட்டியில் தடுப்பூசி, பிக்மியில் அங்கேயே எண் போட ஒரு டேப்லெட், இந்தி தெரிந்த ஒருவர். எல்லைக் கேள்வி எழாதபடி ஒரு செவிலியரின் பெயரில் இவர்கள் அனைவரையும் எழுதிவிட வேண்டும்.